பெக்கோ ஒயிலில் தண்ணீர்: தாங்கியை மட்டும் மாற்றினால் போதுமா?

சென்ற மாரி காலத்தில் ஒருநாள் இரவு எனது சகோதரியின் மகன் வீட்டுக்கு வந்தார். பாவித்த எக்ஸ்கவேட்டர் ஒன்று, அதாவது நம்மவர்கள் பெக்கோ என்று அழைக்கும் இருபது தொன் ரக இயந்திரம், நல்ல விலைக்கு வந்திருப்பதாகவும் மறுநாள் காலை முற்பணம் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். கையடக்கத் தொலைபேசியில் சில படங்களையும் காட்டினார். எஞ்சின் சுத்தமாக இருந்தது. செயின் தேய்வும் பரவாயில்லை. கடைசிப் படம் ஹைட்ரோலிக் தாங்கியின் மூடியைத் திறந்து எடுத்தது.

"மாமா, ஒயில் மட்டும் பால் தேத்தண்ணி மாதிரி இருக்கு. மழைத் தண்ணி கொஞ்சம் போயிருக்காம். ஒயில மாத்தினா சரியாகிரும் எண்டு விக்கிறவர் சொல்றார்" என்றார்.

முற்பணத்தைக் கொடுக்க வேண்டாம், நாளை நானும் வருகிறேன் என்று சொன்னேன். அன்றிரவு அவருக்குச் சொன்னவற்றையே இங்கு எழுதுகிறேன். நமது பகுதிகளில் கையிலுள்ள பணத்தையும் லீசிங் பணத்தையும் சேர்த்து இப்படியான இயந்திரங்களில் முதலிட்டவர்கள் அநேகர். வயல் திருத்தம், வாய்க்கால் துப்புரவு, பாதை வேலை, கல், மண் என்று இவை ஓடாத இடமில்லை. "ஒயில மாத்தினா சரியாகிரும்" என்ற அதே வார்த்தையை நம்பி நான் ஒரு பம்பை இழந்திருக்கிறேன்.

2011 ஜனவரியில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களை மூடிய வெள்ளம் வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். பெப்ரவரி முற்பகுதியில் இரண்டாவது தடவையும் வெள்ளம் வந்தது. எனது இயந்திரம் அப்போது சம்மாந்துறைப் பக்கத்தில் ஒரு வயல் வாய்க்கால் கரையில் நின்றது. இரவோடிரவாக நீர் ஏறி, சாரதியின் ஆசனம் வரை வந்துவிட்டது. நீர் வடிந்ததும் எஞ்சினைப் பார்த்தோம். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் என்ன செய்ய வேண்டும் என்பது கராஜில் நிற்கும் சின்னப் பையனுக்கும் தெரியும். எனவே அது தப்பியது. ஹைட்ரோலிக் தாங்கியிலிருந்த ஒயிலைக் கழற்றிக் கொட்டிவிட்டு, புதிதாக 130 லீற்றர் நிரப்பினோம். நிறம் தெளிந்து, இலேசான புகார் மட்டுமே தெரிந்தது. "ஓடினால் காய்ந்துவிடும்" என்றார்கள். வெள்ளத்துக்குப் பின் உடைந்த அணைக்கட்டுகளும் தூர்ந்த வாய்க்கால்களும் எங்கும் இருந்தன. வேலை வரிசையில் நின்றது. இயந்திரத்தை அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழியுமுன் பம்பில் ஓர் இரைச்சல் கேட்டது. காலையில் நன்றாக வேலை செய்யும். நண்பகலில் சூடேறியதும் ஆர்ம் சோர்ந்துபோகும். பிறகு ஒருநாள் வேலை நடந்துகொண்டிருக்கும் போதே பம்ப் போய்விட்டது. பஞ்சிகாவத்தையில் பாவித்த பம்ப் ஒன்றை வாங்கிப் பூட்டி, பிடுங்கிய பம்பின் இரும்புத் தூள் போய்த் தங்கிய இடங்களையெல்லாம் கழுவி முடிக்கையில் நான்கு மாத லீசிங் தவணைக்குரிய பணம் போயிருந்தது. இயந்திரம் நின்ற நாட்களின் மணித்தியாலக் காசு அதற்கு வேறு. கொழும்பிலிருந்து வந்த மெக்கானிக் பழைய பம்பைத் திறந்து, பிஸ்டன்களின் அடியிலுள்ள பித்தளை நிறப் பகுதி கறுத்து அரிபட்டிருந்ததையும் பெயாரிங்கில் துருப் புள்ளிகள் விழுந்திருந்ததையும் காட்டினார். "முதலாளி, இது வேலை செஞ்சு தேஞ்சதில்ல. தண்ணி தின்டது" என்றார்.

தண்ணீர் எப்படித் தின்னும்? அதை விளங்கிக்கொள்ள, ஒயிலுக்குள் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒயிலில் தண்ணீர் மூன்று விதமாக இருக்கும். முதலாவது, கரைந்த தண்ணீர். சூடான பிளேன்டீயில் சீனி கரைந்திருப்பது போல இது கண்ணுக்குத் தெரியாது. கனிய ஹைட்ரோலிக் ஒயில் பத்து இலட்சத்தில் சில நூறு பங்கு தண்ணீரை இப்படித் தன்னுள் வைத்துக்கொள்ளும். ஒயில் சூடானால் கூடுதலாகக் கரையும், ஆறினால் மிச்சம் வெளியே வரும். இரண்டாவது, மிக நுண்ணிய துளிகளாகப் பிரிந்து ஒயிலில் மிதக்கும் தண்ணீர். பால் நிறம் இதனால்தான் வருகிறது. மூன்றாவது, தனியாகப் பிரிந்து தாங்கியின் அடியில் தங்கும் தண்ணீர்.

கனரக இயந்திரங்களுக்கு 0.1 வீதத் தண்ணீர் என்பது பொதுவாக எச்சரிக்கை எல்லையாகக் கொள்ளப்படுகிறது. முழு இயந்திரத்திலும் 220 லீற்றர் ஒயில் இருந்தால், அதன் 0.1 வீதம் 220 மில்லிலீற்றர். ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான். ஒயில் தெளிவாகப் பால் நிறமாகும் நேரத்தில் அநேகமாக இந்த எல்லையை எட்டியோ தாண்டியோ இருக்கும். ஆகவே நிறம் மாறியதும் "இப்போதுதான் ஆரம்பம்" என்று நினைப்பது பிழை. அது ஏற்கனவே ஆரம்பித்து முடிந்த விடயம்.

இருபது தொன் ரக எக்ஸ்கவேட்டர்களின் பிரதான பம்ப் சுமார் 350 பார் வரையான அழுத்தத்தில் வேலை செய்கிறது. பழைய கணக்கில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 5,000 இறாத்தல். அந்த அழுத்தத்தில் இரும்பையும் வெண்கலத்தையும் ஒன்றோடொன்று உரசவிடாமல் பிரித்து வைத்திருப்பது சில மைக்ரோன் தடிப்புள்ள ஒயில் படலம் மட்டுமே. நமது தலைமுடியின் தடிப்பு சுமார் 70 மைக்ரோன் என்றால் அந்தப் படலம் எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். தண்ணீர்த் துளி வந்த இடத்தில் அந்தப் படலம் அறுந்துவிடும். பம்ப் ஒயிலை உறிஞ்சும் பக்கத்தில் தண்ணீர் ஆவிக் குமிழாகி, அழுத்தம் கூடிய பக்கத்துக்குப் போனதும் அக்குமிழ் நொறுங்கி, இரும்பில் ஊசி குத்தியது போலக் குழி விழுத்தும். எனது பம்பில் கேட்ட இரைச்சலில் ஒரு பகுதி இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இத்தோடு முடிவதில்லை. பெரும்பாலான ஹைட்ரோலிக் ஒயில்களில் தேய்மானத்தைத் தடுப்பதற்காகத் துத்தநாகம் சேர்ந்த ஒரு சேர்க்கை கலக்கப்பட்டிருக்கும். சூடும் தண்ணீரும் சேர்ந்தால் அது சிதைந்து அமிலத்தன்மையான பொருட்களாக மாறும். இரும்பைக் காக்க விட்ட மருந்தே வெண்கலத்தை அரிக்கத் தொடங்கும். காகித பில்டர்கள் ஈரத்தில் வீங்கி அடைபடும். அதனால் ஒயில் பில்டரைச் சுற்றிப் பைபாஸ் வழியாக அழுக்கோடு ஓடும். இவை எதுவும் ஒரே நாளில் நடப்பதில்லை. அதனால்தான் உரிமையாளர் ஏமாறுகிறார்.

இனி தண்ணீர் வரும் வழிகள். வெள்ளம் வருடத்தில் ஒரு தடவை வரலாம், வராமலும் விடலாம். ஆனால் சாதாரண நாட்களிலேயே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்கிறது.

தாங்கியின் தலையில் பிரீதர் என்ற சிறிய மூடி இருக்கும். சிலிண்டர்கள் நீண்டு சுருங்கும் போதெல்லாம் தாங்கியிலுள்ள ஒயில் மட்டம் ஏறி இறங்கும். பிரீதர் வழியாகக் காற்று போய் வரும். பல ஊர்களில் மாரி காலத்துக் காற்றே பாதி தண்ணீர்தான். இரவில் தாங்கி குளிர்ந்ததும் அந்த ஈரம் உட்சுவரில் வியர்த்து ஒயிலில் விழும். பிரீதர் உடைந்திருந்தால் அல்லது அதற்குப் பதிலாகச் சீலைத் துண்டு கட்டியிருந்தால் (கட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்) மழையும் தூசியும் நேரே உள்ளே போகும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகள் அடைத்த பிரீதர்கள் உண்டு. மணிகள் நிறம் மாறினால் மாற்ற வேண்டும். மழைப் பகுதியில் வேலை செய்பவருக்கு இது வீண் செலவல்ல.

அடுத்தது சிலிண்டர் ரொட்கள். ரொட் வெளியே நீண்ட நிலையில் இயந்திரத்தை இரவு முழுவதும் மழையில் நிறுத்திவிட்டு, காலையில் இழுத்தால் அதன் மேலிருந்த ஈரம் கொஞ்சம் உள்ளே போகும். சீல் தேய்ந்து, ரொட்டின் பளபளப்பில் கீறலும் விழுந்திருந்தால் கேட்கவே வேண்டாம். வேலை முடிந்ததும் இயலுமானவரை ரொட்களை உள்ளே இழுத்து நிறுத்தும்படி சாரதியிடம் சொல்லுங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. சேர்விஸ் செய்பவர்கள் அழுத்தத் தண்ணீரைப் பிரீதரின் மேலும் சீல்களின் மேலும் அடிக்காமல் பார்த்துக்கொள்வதும் அப்படித்தான்.

ஒயில் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பரல் முற்றத்தில் நிமிர்ந்து நின்றால் மழைநீர் அதன் தலையில் தேங்கும். பகல் வெயிலில் உள்ளேயுள்ள ஒயிலும் காற்றும் விரிந்து வெளியேறும். மாலை மழையில் பரல் குளிரும்போது அது உள்மூச்சு வாங்கும். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று நினைப்போம். ஆயினும் மூடியின் புரி வழியாகத் தேங்கிய தண்ணீரை அது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். பல நாட்களில் இது சேர்ந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி சீல் உடைக்காத பரலை விற்று, வாங்கியவர் "தண்ணி கலந்த ஒயில்" என்று திருப்பிக் கொண்டுவந்தபோது திகைத்துப்போனார். அவர் எதையும் கலக்கவில்லை. மழைதான் கலந்தது. பரல்களைக் கூரையின் கீழ் வையுங்கள். இடமில்லாவிட்டால் படுக்க வையுங்கள், இரண்டு மூடிகளும் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில், உள்ளே ஒயிலுக்குக் கீழே இருக்கும்படியாக. நிமிர்த்தித்தான் வைக்க வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்குப் பலகைத் துண்டு கொடுத்துச் சரித்து, தண்ணீர் மூடிகளை எட்டாதவாறு வையுங்கள்.

தண்ணீர் இருக்கிறதா என்று அறிவதற்கு ஆய்வுகூடம்தான் வேண்டும் என்பதில்லை. இயந்திரத்தை நன்கு வேலை செய்ய விட்டு, ஒயில் கலங்கிச் சூடாக இருக்கும்போது கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எடுங்கள். காற்றுக் குமிழ்களாலும் ஒயில் மங்கலாகத் தெரியும். ஆனால் காற்று என்றால் போத்தல் அடியிலிருந்து மேல் நோக்கிச் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். தண்ணீர் என்றால் மங்கல் அப்படியே நிற்கும், அல்லது இரவு முழுவதும் வைத்தால் அடியில் பிரிந்து தெரியும். இன்னொரு முறையும் உண்டு. ஒரு தடித்த இரும்புத் தட்டை, தோசைக்கல் என்றாலும் சரி, சுமார் 150 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டொரு துளி ஒயிலை விடுங்கள். தண்ணீர் இருந்தால் சிறு குமிழ் கிளம்பிப் படபடவென்று வெடிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியிடத்தில் செய்ய வேண்டிய வேலை இது. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் போதோ பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும் போதோ செய்யக் கூடாது. 0.05 வீதத்துக்குக் குறைவான தண்ணீரை இந்தப் பரிசோதனை காட்டாது. சரியான அளவு வேண்டுமென்றால் மாதிரியை ஆய்வுகூடத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். கார்ல் ஃபிஷர் முறையில் எத்தனை பங்கு தண்ணீர் என்று இலக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். 2011இல் நான் போடாமல் விட்ட கணக்கு இதுதான்.

இருபது தொன் ரக எக்ஸ்கவேட்டரின் தாங்கியில் இருக்கும் ஒயில் ஏறத்தாழ 120 முதல் 150 லீற்றர். ஆனால் முழு இயந்திரத்திலும் இருப்பது 200 லீற்றருக்கு மேல். மிகுதி சிலிண்டர்களிலும் ஹோஸ் குழாய்களிலும் ஒயில் கூலரிலும் மோட்டார்களிலும் நிற்கிறது. தாங்கியின் அடி நட்டைக் கழற்றினால் அது வெளியே வராது. தாங்கியில் 130, மொத்தம் 220 என்று வைத்துக்கொள்வோம். ஒயிலில் ஒரு வீதம் தண்ணீர் இருக்கிறது. அதாவது 2.2 லீற்றர், ஒரு பெரிய சோடாப் போத்தல் அளவு. தாங்கியை ஒரு தடவை கழற்றி நிரப்பினால் 90 லீற்றர் பழைய ஒயில் அப்படியே நிற்கும். இயந்திரம் ஓடி இரண்டும் கலந்ததும் தண்ணீர் 0.41 வீதம். எல்லையைப் போல நான்கு மடங்கு. எனது இயந்திரம் இந்த நிலையில்தான் வேலைக்குப் போயிருக்கிறது. இரண்டாவது தடவை மாற்றினால் 0.17 வீதம். மூன்றாவது தடவையில்தான் 0.07 வீதத்துக்கு இறங்கும். மூன்று தடவைக்கும் சேர்த்து 390 லீற்றர் ஒயில். முழு இயந்திரத்திலும் உள்ள ஒயிலை ஒழுங்காக வெளியேற்றி நிரப்பியிருந்தால் 220 லீற்றரும், கழுவித் தள்ளுவதற்கு இன்னும் கொஞ்சமும், ஒரு நாள் மெக்கானிக் கூலியும்தான் போயிருக்கும். இன்றைய விலையை நீங்களே போட்டுப் பாருங்கள். 2022இல் ரூபா வீழ்ந்த பின்னர் ஒயிலின் விலையும் பம்பின் விலையும் நான் கொடுத்த காலத்து விலைகளல்ல.

ஒழுங்காக வெளியேற்றுவது என்றால் என்ன? அனுபவமுள்ள மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும், ஆனால் முதலாளிக்கும் முறை தெரிந்திருந்தால் நல்லது. முதலில் இயந்திரத்தை ஒரு நாள் நிறுத்தி ஆற விட்டு, தாங்கியின் அடியில் பிரிந்து தங்கிய தண்ணீரை எடுக்க வேண்டும். பூமைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை விடுவித்த பிறகே எந்தக் குழாயிலும் கை வைக்கலாம். அழுத்தத்தில் பீறும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது வெறும் காயமல்ல, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விடயம். தாங்கியை முழுதாக வடித்து, உள்ளே இறங்கிய சேற்றையும் துடைத்தெடுக்க வேண்டும். கராஜ்களில் பாவிக்கும் கொட்டன் வேஸ்டால் துடைக்க விடாதீர்கள். அதன் நூல் வால்வுகளுக்குள் போய் இன்னொரு வேலை வைக்கும். நூல் விடாத துணிதான் வேண்டும். உறிஞ்சும் வலையைக் கழுவி, பில்டர்கள் எல்லாவற்றையும் மாற்றி, புதிய ஒயிலை நிரப்ப வேண்டும்.

பிறகுதான் அநேகர் செய்யாமல் விடும் பகுதி வருகிறது. தாங்கிக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு வெற்றுப் பரலுக்குள் விட்டு, எஞ்சினை மிக மெதுவாக ஓடவிட்டு, பூம், ஆர்ம், பக்கெட் என்று ஒவ்வொன்றாக முழுதாக நீட்டிச் சுருக்க வேண்டும். உள்ளே நின்ற பழைய ஒயிலைப் புதிய ஒயில் தள்ளி வெளியேற்றும். பரலுக்கு வருவது தெளியும் வரை இது நடக்க வேண்டும். ஒருவர் தாங்கியின் மட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மட்டம் இறங்கியதும் எஞ்சினை நிறுத்தி ஒயில் ஊற்றிவிட்டுத்தான் தொடரலாம். பம்ப் காற்றை உறிஞ்சினால் தண்ணீர் இரண்டு மாதத்தில் செய்ததைக் காற்று இரண்டு நிமிடத்தில் செய்துவிடும். இதே காரணத்துக்காக, ஒயில் மாற்றிய பின் முதல் தடவை எஞ்சினை இயக்குமுன் பம்பின் கூட்டுக்குள்ளும் ஒயில் ஊற்றிக் காற்றை எடுக்க வேண்டும். ஸ்விங் மோட்டாரையும் செயின் மோட்டார்களையும் மறக்கக் கூடாது. அவற்றின் வடிகுழாய்கள் தனியாகத் தாங்கிக்கு வருகின்றன. பரலில் சேரும் பழைய ஒயிலை வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள். கழிவு ஒயில் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒயிலை மாற்றாமல் தண்ணீரை மட்டும் எடுக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். ஒயிலை சுமார் 60 முதல் 70 பாகைக்குச் சூடாக்கி, காற்றழுத்தத்தைக் குறைத்த ஒரு கலனுக்குள் விட்டால் தண்ணீர் ஆவியாகிப் பிரியும். வெற்றிட முறையில் நீர் அகற்றும் அந்த இயந்திரங்கள் கரைந்த தண்ணீரையும் எடுத்துவிடும். ஆயிரக்கணக்கான லீற்றர் ஒயில் ஓடும் தொழிற்சாலைகளுக்கு இது இலாபம். ஒரேயொரு பெக்கோ வைத்திருப்பவர் இதை வாங்குவது எனது பார்வையில் பொருத்தமில்லை. பத்துப் பதினைந்து இயந்திரம் வைத்திருக்கும் ஒப்பந்தகாரர்கள் கூட்டாகச் சேர்ந்து ஒன்றை வைத்திருப்பது பற்றி யோசிக்கலாம். தண்ணீரை உறிஞ்சிப் பிடிக்கும் விசேட பில்டர்களும் உண்டு. இவை பிரிந்த தண்ணீரையும் மிதக்கும் துளிகளையும் பிடிக்கும், கரைந்ததை விட்டுவிடும். ஒன்று பிடிப்பது பெரும்பாலும் சில நூறு மில்லிலீற்றர்தான். வெள்ளத்தில் நின்ற இயந்திரத்துக்கு முதலில் இதைப் பூட்டுவது கிணற்றைக் கோப்பையால் இறைப்பது போன்றது. முழுதாக மாற்றிய பிறகு மிச்சத்தைப் பிடிக்க வைத்தால் பயன் தரும்.

உங்கள் ஒயில் எந்த ரகம் என்பதையும் பாருங்கள். சாதாரண ஹைட்ரோலிக் ஒயில் தண்ணீரைப் பிரித்துக் கீழே தள்ளும் குணமுள்ளது. சில இயந்திரங்களுக்கு எஞ்சின் ஒயில் வகையைச் சேர்ந்த 10 இலக்க ஒயில் சிபாரிசு செய்யப்படுகிறது. அதிலுள்ள துப்புரவுச் சேர்க்கைகள் தண்ணீரைப் பிரிய விடாமல் தம்முடன் கட்டி வைத்திருக்கும். அப்படிப்பட்ட ஒயிலை எத்தனை நாள் ஆற வைத்தாலும் தண்ணீர் அடியில் இறங்காது. "நிறுத்தி வைத்தேன், அடியில் ஒன்றும் வரவில்லை, ஆகவே தண்ணீர் இல்லை" என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

ஒயிலை அடுப்பில் வைத்து எரித்துத் தண்ணீரை விரட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பாதியாக வெட்டிய பரலில் ஒயிலை ஊற்றி, நெல் அவிப்பது போலக் கீழே விறகு எரித்ததை நான் நேரில் பார்த்தேன். அடியிலிருந்த தண்ணீர் கொதித்ததும் ஒயில் நுரைத்துப் பொங்கி விறகின் மேல் வழிந்தது. அன்று ஒருவரின் சாரத்தில் நெருப்புப் பிடிக்காமல் விட்டது அதிர்ஷ்டம். நெருப்புப் பிடிக்காவிட்டாலும் பரலின் அடியில் கருகிய ஒயில் பிறகு ஒயிலாக இருப்பதில்லை.

கடற்கரையிலும் துறைமுக வேலைகளிலும் இயந்திரம் ஓட்டுபவர்களுக்குக் கணக்கு வேறு. கடல் நீர் உள்ளே போனால் தண்ணீரை ஆவியாக்குவதால் பயனில்லை. உப்பு உள்ளேயே நிற்கும், இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். முழுதாக வடித்துக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. அதையும் அன்றே செய்ய வேண்டும்.

மறுநாள் மருமகனோடு இயந்திரத்தைப் பார்க்கப் போனேன். தாங்கி மூடியைத் திறந்தால் ஒயில் தங்க நிறத்தில் பளபளத்தது. இரவோடிரவாக மாற்றியிருக்கிறார்கள். மருமகன் என் முகத்தைப் பார்த்தார். இயந்திரத்தை அரை மணித்தியாலம் ஓட்டி எல்லாச் சிலிண்டர்களையும் நீட்டிச் சுருக்கிக் காட்டும்படி கேட்டுக்கொண்டேன். பிறகு திரும்பும் குழாயிலிருந்து ஒரு போத்தலில் எடுத்தோம். மீண்டும் மங்கல். போத்தலை மேசையில் வைத்துத் தேநீர் குடித்துப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மணித்தியாலம் கழித்தும் தெளியவில்லை.

விற்பவர் கெட்ட மனிதரல்ல. தாங்கி ஒயிலை மாற்றினால் போதும் என்றுதான் அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். 130 லீற்றர் புதிய ஒயிலையும் வீணாக்கிவிட்டார். "ஹாஜியார், எத்தனை நாளா இந்த நிறத்தில ஓடினது?" என்று கேட்டேன். ஒரு மாதமிருக்கும் என்றார். பம்பின் வடிகுழாயிலுள்ள பில்டரைக் கழற்றிப் பார்க்கச் சம்மதித்தார். வெட்டி விரித்துப் பார்த்ததில் பித்தளை நிறத் தூள் கொஞ்சம் மினுங்கியது. அதிகமில்லை. ஆனால் இருந்தது.

முழு ஒயில் மாற்றத்தின் செலவையும், பம்பைத் திறந்து பார்க்கும் கூலியையும், பம்பில் வேலை வந்தால் வரக்கூடிய செலவில் பாதியையும் விலையிலிருந்து கழித்தால் எடுக்கலாம் என்று மருமகன் சொன்னார். மூன்று நாள் யோசித்துவிட்டு ஹாஜியார் சம்மதித்தார். பம்பைத் திறந்தோம். பிஸ்டன் அடிகளில் கறுப்பு ஏறத் தொடங்கியிருந்தது, குழி விழவில்லை. தேய்ந்த பாகங்களை மாற்றி, மேலே சொன்ன முறையில் ஒயிலைத் தள்ளி வெளியேற்றி, சிலிக்கா பிரீதர் ஒன்றும் பூட்டினோம். தாங்கியின் அடி நட்டுக்குப் பதிலாக ஒரு சிறிய வால்வு வைத்தோம். இப்போது சாரதி காலையில் எஞ்சினை இயக்குமுன் அரைக் கோப்பை ஒயிலை அதன் வழியாகப் போத்தலில் எடுத்து வெளிச்சத்தில் பார்க்கிறார். ஐம்பது மணித்தியாலத்தில் பில்டர்களை மாற்றி, மாதிரியும் கொடுத்தோம். வந்த அறிக்கையில் தண்ணீர் 0.03 வீதம் என்றிருந்தது. அடுத்த மாதிரியை மாரி முடிந்ததும் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறேன்.